‘நல்லாருக்கு’ செல்லாத இடம்

காரைக்குடியில் யாரைப் பார்த்து ‘எப்டி இருக்கீக?’ என்று கேட்டாலும் ‘நல்லாருக்கேன்’ என்றுதான் பதில் வரும். முந்தின நாள் வீட்டுச் சுவர் இடிந்து விழுந்திருந்தாலும் அதுதான் பதில். கேட்டவரும் அதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டார். தலையை ஆட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துவராத ஒரே ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஊருக்குள் செக்காலைப் பகுதியில் மருந்துக்கடை வைத்திருந்தேன். என் கடைக்கு அடுத்த கதவு, காது மூக்கு தொண்டை டாக்டரின் கிளினிக். டாக்டர் மதுரைக்காரர். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் மட்டும் வருவார். மற்றபடி தினமும் காலையில் காது சுத்தம் செய்வது, சீழ் வடிகிற காதைத் துடைத்து மருந்து விடுவது, ஆப்பரேஷன் ஆனவர்களைப் பார்ப்பது எல்லாம் அங்கிருந்த நர்ஸின் பொறுப்பு. அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் காது சிஸ்டர்.

ஒல்லியான உருவம். வெள்ளைச் சேலை, கழுத்தில் சின்னச் சிலுவை. கைக்கடிகாரத்தை உள்ளங்கைப் பக்கமாகக் கட்டியிருப்பார். வீடு தேவகோட்டையில். கணவர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கியதும் முதல் வேலையாக வெந்நீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து புறங்கையில் ஊற்றிப் பார்ப்பார். தண்ணீர் உடம்புச் சூட்டுக்கு இருக்க வேண்டும், கொஞ்சம் குளிர்ந்தாலும் காதுக்குள் பீச்சும்போது ஆளுக்குத் தலை சுற்றிவிடும் என்பார். டாக்டர்தான் பல வருஷம் பக்கத்தில் வைத்து அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர். எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது என்பதில் சிஸ்டருக்குக் குழப்பமே இல்லை. செவிப்பறையில் ஓட்டை தெரிந்தால் பீச்சாங்குழலைக் கீழே வைத்துவிட்டு, “டாக்டர் வரட்டும், அவுகதான் பாக்கணும்” என்று சொல்லிவிடுவார்.

கிளினிக்குக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். வருகிறவர்களுக்குக் காது கேட்காது, அதனால் சத்தமாகப் பேசுவார்கள். அவர்களுக்குக் கேட்க வேண்டுமென்று சிஸ்டரும் சத்தமாகப் பேசுவார். அங்கே நடப்பது அத்தனையும் நான் வேண்டாமென்றாலும் என் காதில் விழும். இப்படித்தான் இருக்கும்:

“எப்டி இருக்கு?”

“நல்லாருக்கு சிஸ்டர்.”

“என்ன நல்லாருக்கு?”

“காதுதான்.”

“காதுல என்ன நல்லாருக்கு? அடைப்பு போச்சா, சத்தம் தெளிவாக் கேக்குதா, இல்ல வீட்டுக்கு விட்டாப் போதும்னு இருக்கா?”

பாதிப் பேருக்குக் கடைசியில் சொன்னதுதான் உண்மை. எழுந்தவர் மறுபடி உட்காருவார்.

பேச்சில் நம்பிக்கை வராவிட்டால் சிஸ்டரிடம் இன்னொரு வழி இருந்தது. ஆளை வாசலைப் பார்த்து நிற்கவைத்துவிட்டு, பின்னால் நாலடி தள்ளிப் போய் மெல்லிய குரலில் எதையாவது சொல்வார். ஒருமுறை ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் நல்லாருக்கு, நல்லாருக்கு என்று அவசரப்பட்டார். சிஸ்டர் பின்னால் நின்று, “வாசல்ல ஒங்க செருப்ப யாரோ மாட்டிக்கிட்டுப் போறாக” என்று முணுமுணுத்தார். அந்த மனிதர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் கடை வாசல்வரை ஓடிவந்தார். செருப்பு கிடந்த இடத்திலேயே கிடந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “காது நல்லாத்தான் இருக்கு. போய்ட்டு வாங்க!”

காதுக்குள் எதையெல்லாம் விட்டோம் என்று ஒத்துக்கொள்ளவும் ஆட்கள் தயங்குவார்கள். கோழி இறகு, ஊக்கு, தீக்குச்சி, மொபெட் சாவி, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய். சிஸ்டர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. “நான் போலீஸ் இல்ல. உள்ள போனது என்னன்னு தெரிஞ்சா எனக்கு வேல சுளுவு, ஒங்களுக்கு வலி கம்மி” என்பார். சொல்லிவிடுவார்கள்.

அடுத்தவரிடம் கேட்கிற உண்மையைத் தானும் சொல்வார். அதுதான் சங்கடம். ஒரு காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டே, பழக்கதோஷத்தில், “நல்லாருக்கீகளா சிஸ்டர்?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் நின்று யோசித்தார். “இல்லண்ணே. எடது முழங்கால் ஒரே கொடைச்சல். எங்க வீட்டுக்காரருக்குப் பள்ளிக்கூடத்துல ஏதோ வருத்தம், கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கிறாரு. மீன் கொழம்பு வேற அடிப்பிடிச்சுப் போச்சு. ஆனா பஸ்ஸுல சன்னலோரம் எடம் கெடச்சுது, அது நல்லாருந்துச்சு.”

அதற்குப் பிறகு, கையில் நேரம் இருந்தால் மட்டுமே அவரை நலம் விசாரிப்பேன். அந்த டிராயிங் மாஸ்டர் ஒரு தடவை கிளினிக்குக்கு வந்தபோது என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: “எங்க வீட்டுல சாப்பாடு நல்லாருக்குன்னு சொன்னா விடமாட்டாக சார். எது நல்லாருக்குன்னு கேப்பாக. அதனால மொதல்லயே, ரசத்துல புளி கூடன்னு ஒண்ணச் சொல்லிருவேன். அப்பத்தான் நிம்மதியாச் சாப்பிட முடியும்.”

சிஸ்டர் எப்போதும் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது. பெரிய வீட்டு ஆச்சி ஒருவர் காரில் வந்து இறங்கினார். காது அடைப்பு. முன்னாலேயே சொட்டு மருந்து விட்டு ஊறவைத்திருந்ததால் அழுக்கு சுலபமாக வந்துவிட்டது. “நல்லாருக்கு” என்றார் ஆச்சி. சிஸ்டர் வழக்கம்போலப் பின்னால் போய், “ஆச்சி, காப்பி சாப்பிடுறீகளா?” என்றார். பதில் இல்லை. “ஆச்சி, கார் வந்துருச்சு.” பதில் இல்லை. சிஸ்டர் மறுபடி தண்ணீர் கலக்கப் போனார். அப்போது ஆச்சி நாற்காலியிலிருந்து திரும்பாமலே சொன்னார்:

“காப்பியும் கேட்டுச்சு, காரும் கேட்டுச்சு. முதுகுப் பக்கம் நின்னு பேசுறவுகளுக்கு நான் பதில் சொல்றதில்ல.”

சிஸ்டர் சிரித்த சிரிப்பில் பிளைவுட் பலகை அதிர்ந்தது. ஆச்சியின் காலைத் தொட்டுக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, ஊரில் ஒரு அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் கிளினிக்கைப் பார்க்க வந்தார்கள். நெற்குப்பை என்ற ஊரில் இதேபோல வாரம் ஒரு நாள் காது பார்க்க ஏற்பாடு செய்யலாமா என்று அவர்களுக்கு யோசனை. சிஸ்டரிடம் பார்த்துக்கொண்டவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுக்க நினைத்தார்கள். பெரியவர் ஒருவரும் அவருடைய மருமகனும் பெஞ்சில் இருந்தவர்களை வரிசையாக விசாரித்தார்கள். எல்லோரும் ஒரே பாட்டுத்தான். ‘ரொம்ப நல்லாருக்கு.’ ‘தங்கமானவுக.’ ‘கை பட்டாப் போதும், கொணமாயிரும்.’ எனக்கும் மகிழ்ச்சிதான். கிளினிக் வளர்ந்தால் என் கடையும் வளரும்.

சிஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். “ஐயா, நான் இங்க நிக்கும்போது இவுக வேற என்னத்தச் சொல்லுவாக? நான் பின்பக்கம் போயிர்றேன். இப்பக் கேளுங்க” என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

எல்லோரும் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்கள். பிறகு ஒரு அம்மாள் ஆரம்பித்தார். “பெஞ்சு பத்தல. முடியாதவுக நின்னுக்கிட்டே கெடக்கோம்.” அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தண்ணீர் பீச்சுகிற சத்தம் பயமாக இருக்கிறது என்றார் ஒருவர். “என் காதுல சீழு வடியிறது இந்தத் தெருவுக்கே தெரியும். அம்புட்டுச் சத்தம்” என்றார் இன்னொருவர். கதவு கூடக் கிடையாது, ஒரு துணித் திரைதான் என்றார் வேறொருவர். கடைசியாக, ரிட்டயரான ஒரு கிளார்க் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “நல்ல அம்மாதான். ஆனா கேள்வி கேட்டே கொன்னுருவாக. காது சரியாப் போச்சுன்னாலும் விடமாட்டாக. பரீட்ச எழுதுற மாதிரி இருக்கு. இதுக்குப் பயந்தே நான் வாரத நாலு நாள் தள்ளிப் போட்டேன்.”

கிளினிக்குக்கு மூடுவிழாதான் என்று நினைத்தேன். ஆனால் அந்தப் பெரியவர் சிரித்தார். “கொறை சொல்ல விடுற எடமாப் பாத்து ரொம்ப நாளாச்சு” என்றார். அடுத்த மாதமே ஒரு கதவும் இரண்டு பெஞ்சும் வந்தன. நெற்குப்பைக்கும் ஏற்பாடானது.

கதவையும் பெஞ்சையும் பற்றி சிஸ்டருக்குச் சந்தோஷம். கிளார்க் சொன்னது மட்டும் உள்ளே தைத்துவிட்டது. பின்பக்கம் நின்றாலும் அவருக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. “எனக்குப் பயந்து வராம இருந்தாராம்ண்ணே” என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அதன் பிறகு ஒரு வாரம் அவர் யாரையும் குடையவில்லை. நல்லாருக்கு என்றார்களா, சரி என்று அனுப்பிவைத்தார். “என்ன, சிஸ்டருக்கு ஒடம்பு சரியில்லயா?” என்று என்னிடம் வந்து விசாரித்தவர்கள் உண்டு.

அந்த வாரத்தில்தான் அந்த டிரைவர் வந்தார். தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் ஓடுகிற ஒரு தனியார் பஸ்ஸின் டிரைவர். சிஸ்டர் தினமும் வருகிற வண்டி. அவருக்கு இடது காதில் சின்ன வயதிலிருந்தே சீழ் உண்டு. அவ்வப்போது வந்து துடைத்துக்கொண்டு போவார். அன்றைக்குச் சீழ் கொஞ்சம்தான் இருந்தது, ஆனால் நாற்றம் வேறு மாதிரி இருந்தது. “வெள்ளிக்கிழம சாயங்காலம் டாக்டர் வருவாக. அவசியம் வந்து காட்டுங்க தம்பி” என்றார் சிஸ்டர். “வேற ஒண்ணும் இல்லயே?” “நல்லாருக்கு சிஸ்டர்.” அதற்கு மேல் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை டிரைவர் வரவில்லை.

மறு வாரம் பஸ்ஸில் வரும்போது சிஸ்டர் ஒன்றைக் கவனித்தார். டிரைவரின் வலது காது ஜன்னல் பக்கத்து இரைச்சலில் இருந்தது; உள்ளே கண்டக்டர் விசில் அடித்தால் வண்டி நகரவில்லை. கண்டக்டர் உள்ளேயே நடந்து முன்னால் வந்து தகரத்தில் கையால் தட்டினால்தான் நகர்ந்தது. டிரைவருக்கு இடப்பக்கமாக, இன்ஜினுக்குப் பக்கத்து ஸீட்டில் போய் உட்கார்ந்து, “தம்பி!” என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். டிரைவர் திரும்பவில்லை. கண்டக்டர்தான் திரும்பி, வெளியே சொல்லாதீர்கள் என்பதுபோலக் கையைக் கூப்பினாராம். காரைக்குடி வந்ததும் டிரைவர் இறங்கி, கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருக்கிறார்.

இதெல்லாம் பிறகு சிஸ்டர் சொல்லித் தெரிந்தது. அன்று காலை எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு ஆட்டோக்காரர் கடை முன்னால் வண்டியை நிறுத்திக் கத்தியதுதான். “அண்ணே! ஒங்க சிஸ்டர் பஸ்ஸு ஓட்டப் போறாகளாம். பஸ் ஸ்டாண்டுல ஒரே கூட்டம்!”

அதே ஆட்டோவில் ஏறிப் போனேன். பஸ் நிறைய ஆள். டிரைவர் ஸீட்டில், வெள்ளைச் சேலையோடு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிஸ்டர் உட்கார்ந்திருந்தார். கீழே நின்று டிரைவர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

“எறங்குங்க சிஸ்டர். டயமாச்சு. எனக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்கேன்.”

“அன்னைக்கு நீங்க நல்லாருக்குன்னு சொன்னதும் கேக்காம விட்டுட்டேன். அது என் தப்பு. இப்பக் கேக்குறேன். தலை சுத்துதா, இல்லயா?”

“இல்ல.”

“தம்பி, வண்டிக்குள்ள புள்ளகுட்டியோட உக்காந்திருக்காக. அவுகளப் பாத்துச் சொல்லுங்க.”

டிரைவர் ஜன்னல்களை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கைக்குழந்தை கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். “வளைவுல திருப்புறப்ப ரோடு எம்மேல சாயுது சிஸ்டர்” என்றார். “ஆப்பரேசன்னு சொன்னா மொதலாளி வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துருவாரு. பெறகு என்னய யாரு கூப்பிடுவா? ஏம் பொழப்புல மண்ணப் போடாதீக.” முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டார்.

அதற்குள் முதலாளி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். “என்னம்மா கூத்து இது? எறங்குங்க மொதல்ல.”

“எறங்குறேன். வேற டிரைவர வரச்சொல்லுங்க. இவரு ஒடம்பு தேறி, ஓட்டலாம்னு டாக்டர் சொன்னதும் இந்த வண்டிய இவருக்கே தருவீகளா?”

“சரிம்மா, பாப்போம்.”

“பாப்போம்னா என்ன அர்த்தம்? தருவீகளா, மாட்டீகளா?”

முதலாளி சுற்றுமுற்றும் பார்த்தார். பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு ஆள் தலையை நீட்டினார். “தாரேன்னு சொல்லித் தொலைங்க மொதலாளி! நாங்க வாய்தாவுக்குத் தேவகோட்டை கோர்ட்டுக்குப் போகணும்!” இன்னும் நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி முகம் சிவந்துபோய், “தாரேன்ம்மா, தாரேன்” என்றார். சிஸ்டர் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கினார். இறங்கியதும் என்னைப் பார்த்து, “கால் நடுங்குதுண்ணே, ஒரு டீ வாங்கித் தாங்க” என்றார்.

டாக்டர் அன்றைக்கே டிரைவரை மதுரைக்கு வரவழைத்தார். காதுக்குப் பின்னால் எலும்பு அரித்துப் போயிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் வாய் கோணியிருக்கும், மூளைக்கும் ஏறியிருக்கும் என்றார். ஆப்பரேஷன் நடந்தது. தலைசுற்றல் நின்றது. இடது காதில் கேட்பது குறைந்தது குறைந்ததுதான். வலது காது நன்றாக இருந்தது.

அதன் பிறகு மாதக்கணக்கில் அவர் சிஸ்டரிடம் கட்டு மாற்ற வந்தார். வருவார், உட்காருவார், ஒரு வார்த்தை பேசமாட்டார். அவ்வளவு கோபம். முதலாளி அவரை ஷெட்டில் டயர் பார்க்கும் வேலையில் போட்டிருந்தார். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது அவமானம். சிஸ்டர் கேட்பார்: “எப்டி இருக்கு தம்பி?” பதில் வராது. ஒருநாள் மட்டும் புது மரக்கதவையும் தாண்டி டிரைவரின் குரல் எனக்குக் கேட்டது.

“நல்லா இல்ல சிஸ்டர். ஒண்ணுமே நல்லா இல்ல. ஒரு பக்கம் பஞ்ச வச்சு அடச்ச மாதிரி இருக்கு. பயலுவ எல்லாம் செவிடன்னு கூப்பிடுறானுவ. வீட்டுல பொண்டாட்டி எடது பக்கம் நின்னு பேசிட்டு, நான் மதிக்கலன்னு சண்ட போடுறா. எல்லாம் ஒங்களாலதான்.”

“ஆமா” என்றார் சிஸ்டர். “சொல்லுங்க, இன்னும் என்ன?”

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். வெளியே பெஞ்சில் கூட்டம் காத்துக் கிடந்தது. சிஸ்டர் ஒருவரையும் உள்ளே கூப்பிடவில்லை. வெளியே வந்த டிரைவரின் முகம் குளித்துவிட்டு வந்ததுபோல இருந்தது. மறுநாள் சிஸ்டர் அவர் மனைவியை வரவழைத்து, வலது பக்கம் நின்று பேசச் சொல்லிக்கொடுத்தார்.

ஓட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த பிறகும் முதலாளி இழுத்தடித்தார். ஆனால் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் வாக்குக் கொடுத்திருந்தார். பார்க்கிறவர்களெல்லாம், “என்ன மொதலாளி, காதுக்காரருக்கு வண்டி குடுத்தாச்சா?” என்று கேட்டுக் கேட்டே அவரை ஒரு வழி பண்ணிவிட்டார்கள். கடைசியில் கொடுத்தார்.

டிரைவர் மறுபடி வண்டி எடுத்த அன்று சாயங்காலம், தேவகோட்டையில் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக நானும் அதே பஸ்ஸில் ஏறினேன். சிஸ்டர் டிரைவருக்கு நேர் பின்னால், அவருடைய நல்ல காதுப் பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி ஊரைத் தாண்டியது. முதல் வளைவு வந்தது, திரும்பியது. அடுத்த வளைவும் போனது. டிரைவர் கண்ணாடியில் சிஸ்டரைப் பார்த்தார்.

“வண்டி எப்டிப் போகுது சிஸ்டர்?”

சிஸ்டர் வண்டியை மறித்த கதை பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர்கூடக் கையை நிறுத்திவிட்டார். பாவம், இன்றைக்காவது அந்த மனுஷனிடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுங்களேன் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

சிஸ்டர் யோசித்தார். “ரெண்டாவது கியர் போடுறப்பத் தூக்கிப் போடுது தம்பி. எனக்கு முழங்கால்ல அடிபட்டுச்சு. வளைவுல தேவைக்கு மேல மெதுவாத் திருப்புறீக. ஆரன் வேற ஓயாம அடிக்கிறீக. மத்தபடி, எனக்குத் தூக்கம் வருது.”

பஸ்ஸே சிரித்தது. டிரைவரும் சிரித்துக்கொண்டே கியரை மாற்றினார். மறுபடி தூக்கித்தான் போட்டது. சிஸ்டர் அதைப் பார்க்கவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து, தேவகோட்டை வந்து கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பும்வரை, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கினார்.